அறுபது வெள்ளி பிளானுக்கு நூற்றியொரு வெள்ளி பில்

விளம்பரத்தில் 60 ரிங்கிட். கடையில் சொன்னதும் 60 ரிங்கிட். வந்த முதல் பில் 101 ரிங்கிட் 75 காசு.

பிரிக்பீல்ட்சில் என் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில், இரண்டு கதவு தள்ளி ஓர் ஆன்டி இருக்கிறார். ஓய்வுபெற்ற தாதி. மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியதையெல்லாம் முப்பது வருஷம் படித்தவர், தன் கைப்பேசி பில்லைப் படிக்க முடியாமல் அன்றைக்கு என்னிடம் நீட்டினார். "பாரும்மா, அறுவது வெள்ளின்னு சொல்லி கம்பெனி மாத்த வச்சான். இப்ப நூத்தியொரு வெள்ளி போட்டிருக்கான். ஏமாத்துறானுங்க லா."

ஏமாற்று எதுவும் இல்லை. கணக்கு காசு பிசகாமல் சரியாக இருந்தது. ஆனால், "முதல் மாசம் மட்டும் கூட வரும் ஆன்டி" என்று கடையில் ஒருவர் சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு வாரத் தூக்கம் கெட்டிருக்காது. பிளானை விற்கும்போது எத்தனையோ சொல்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஏன் வாய் வருவதில்லை என்று எனக்கு விளங்கியதே இல்லை.

நான் போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். லாரி ஓட்டுநர்கள், கிடங்கு மேற்பார்வையாளர், துறைமுகத்தில் ஃபாரம் எடுத்துக்கொண்டு ஓடும் பையன்கள் என்று எல்லோருடைய கைப்பேசி பில்லும் மாதாமாதம் என் மேசைக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனால், அங்கும் நாலு பேர் பில்லோடு காத்திருப்பார்கள். "கணக்கு அக்கா வந்தாச்சு" என்று ஒரு வாண்டு மாடிப்படியில் கத்திக்கொண்டு ஓடும். ஆக, எனக்கு இதில் ஓய்வு கிடையாது.

இத்தனை பில் பார்த்ததில் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. பில்லைத் திறந்ததும் தொகையைப் பார்ப்பதில்லை, தேதியைப் பார்ப்பேன். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்த பிறகுதான் தொகைக்கே அர்த்தம் வரும்.

ஆன்டியின் பில்லை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். பிளான் கட்டணம் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி அல்ல, இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் 24/09 முதல் 11/10 வரை, 36 ரிங்கிட். இரண்டாவது வரியில் 12/10 முதல் 11/11 வரை, 60 ரிங்கிட். "ரெண்டு தடவ போட்டிருக்கான் பாத்தியா" என்றார் ஆன்டி. ஒரே காலத்துக்கு இரண்டு முறை போடவில்லை, இரண்டு வெவ்வேறு காலத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மலேசியாவில் போஸ்ட்பெய்ட் லைன்களுக்குப் பெரும்பாலும் மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். பிளானுக்கு மேல் பேசியது, வெளிநாட்டு அழைப்பு, ரோமிங் போன்றவை மட்டும் பின்னால் வரும். வீட்டு வாடகையை மாதம் பிறந்ததும் கொடுக்கிறோம், தண்ணீர்க் காசைப் பயன்படுத்திய பிறகு கொடுக்கிறோம் அல்லவா, அந்த இரண்டும் ஒரே தாளில் வந்தால் எப்படியோ அப்படித்தான் போஸ்ட்பெய்ட் பில். ஆக ஒவ்வொரு பில்லிலும் ஒரு பாதி வரப்போகும் மாதத்துக்கு, ஒரு பாதி போன மாதத்துக்கு.

இந்த ஆன்டி புதிய கம்பெனிக்கு மாறியது செப்டம்பர் 24. ஆனால் அந்தக் கம்பெனி அவருக்கு ஒதுக்கிய பில் தேதி ஒவ்வொரு மாதமும் 12. ஆக, 24ஆம் தேதி முதல் அக்டோபர் 11 வரையுள்ள துண்டு நாட்களுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குதிரைப் பட நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினோம். செப்டம்பரில் 7 நாள், அக்டோபரில் 11 நாள், மொத்தம் 18. அந்தச் சுற்று 30 நாள் கொண்டது. 60 ரிங்கிட்டை 30ஆல் வகுத்தால் நாளுக்கு 2 ரிங்கிட். பதினெட்டு நாளுக்கு 36. பில்லில் இதற்குப் பக்கத்தில் 'புரோ-ரேட்டட்' என்று போட்டிருக்கும். பில் வந்தது அக்டோபர் 12 அன்று என்பதால், வரும் மாதத்துக்கான 60ஐயும் முன்கூட்டியே சேர்த்துவிட்டார்கள். 36ம் 60ம் 96. அதற்கு 6 விழுக்காடு சேவை வரி 5.76. கூட்டினால் 101.76. அதை ஐந்து காசுக்கு ஒழுங்குபடுத்தினால் 101.75.

கோயில் திருவிழா நோட்டீசின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினேன். ஆன்டி மறுபடி தன் விரலால் நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்போ அடுத்த மாசம்?" என்றார். அடுத்த மாதம் 63 ரிங்கிட் 60 காசு. 60 என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டாலும் வரியோடு சேர்த்து அதுதான் உண்மையான விலை.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச் 1 முதல் நாட்டில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. ஆனால் தொலைத்தொடர்புச் சேவை, உணவு பானம், வாகன நிறுத்துமிடம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றை 6லேயே விட்டுவைத்தார்கள். அதனால் கைப்பேசி பில்லில் 6 என்று இருந்தால் அது சரி. எங்கள் ஆபீசிலேயே ஒருவர், கம்பெனி வரி குறைவாகப் போட்டிருக்கிறது, பிறகு மொத்தமாகக் கேட்கப் போகிறது என்று பயந்துகொண்டிருந்தார். ஐந்து காசுக்கு ஒழுங்குபடுத்துவது 2008 ஏப்ரலில் ஒரு காசு நாணயத்துக்கு விடைகொடுத்தபோது வந்த பழக்கம். பில்லில் 'ரவுண்டிங்' என்று ஒரு காசோ இரண்டு காசோ கூடியோ குறைந்தோ நிற்கும். அதைப் பற்றிச் சண்டை போட வேண்டாம்.

கம்பெனி மாறாமல், அதே கம்பெனியில் பிளான் மட்டும் மாற்றினால் கணக்கு இன்னொரு திருப்பம் எடுக்கும். அப்போது பழைய பிளானுக்கு ஏற்கெனவே முன்கூட்டிக் கொடுத்த காசில் மிச்ச நாளுக்கு உரியதைத் திருப்பித் தர வேண்டும். அது பில்லில் கழித்தல் குறியோடு வரும். மேலே சொன்ன அதே தேதிகளையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 60 ரிங்கிட் பிளானிலிருந்து 90 ரிங்கிட் பிளானுக்கு ஏறுகிறார். பழைய பிளானில் பயன்படுத்தாத 18 நாளுக்கு 36 கழிவு. புதிய பிளானில் அதே 18 நாளுக்கு, நாளுக்கு 3 வீதம், 54. வரும் மாதத்துக்கு 90. ஆகமொத்தம் 108, வரியோடு 114.50. அவர் எதிர்பார்த்தது 90.

மாறாக 90லிருந்து 60க்கு இறங்கியவருக்கு 54 கழிவு, 36 புதுக் கட்டணம், 60 முன்கூட்டி. மொத்தம் 42, வரியோடு 44.50. இவர் யாரிடமும் பில்லைக் காட்ட மாட்டார். சந்தோஷமாகக் கட்டிவிட்டு, அடுத்த மாதம் 63.60 வந்ததும்தான் "ஏன்கா திடீர்னு ஏத்திட்டான்" என்று ஓடி வருவார்.

பிளான் மாறிய மாதத்தில் டேட்டா சீக்கிரம் தீர்ந்தால் அதற்கும் இந்தத் தேதிதான் காரணமாக இருக்கலாம். கட்டணத்தைத் துண்டு நாளுக்குக் குறைப்பதுபோல, டேட்டாவையும் அதே விகிதத்தில் குறைத்துத் தரும் கம்பெனிகள் உண்டு.

சரி, கணக்கில் இதெல்லாம் ஒத்து வந்தும் தொகை அதிகமாக இருக்கிறதா? பழைய பாக்கி என்ற வரியைப் பாருங்கள். பில் தயாராவது ஒரு நாள், நீங்கள் பணம் கட்டியது அதற்கு மறுநாள் என்றால், அந்தப் பில்லில் நீங்கள் கட்டாதவராகத்தான் தெரிவீர்கள். எங்கள் முதலாளிக்கு இந்த வரியைக் கண்டாலே இரத்தக் கொதிப்பு ஏறும். "நேத்துத்தானே கட்டுனோம்!" நேற்றுக் கட்டியதால்தான் பாஸ்.

இனி வருவதுதான் உண்மையிலேயே காசு போகும் இடம்.

'வரம்பில்லா அழைப்பு' என்றால் உள்நாட்டில் சாதாரண எண்களுக்கு. 1-300 என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து நாம்தான் கட்ட வேண்டும். 1-800 இலவசம். அதே நிறுவனத்துக்குச் சாதாரண எண்ணும் இருந்தால் அதில் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களை நேரடி அழைப்பில் கூப்பிட்டால் அதுவும் தனிக் கட்டணம். இதைச் சொன்னால், "எல்லாம் வாட்ஸ்அப்தானே" என்பார்கள். அங்கே சித்தப்பாவுக்குப் பட்டன் ஃபோன்தான் என்றால் வாட்ஸ்அப் எங்கே வரும்? பழைய பிளானில் வெளிநாட்டு நிமிடங்கள் கொஞ்சம் இருந்து, புதிய பிளானில் இல்லாமல் போனதைக் கவனிக்காமல் மாதம் முழுக்கப் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ரோமிங். இதில் தேதிப் பிரச்சினை இரட்டிப்பு. இந்தியாவில் நீங்கள் பயன்படுத்தியதை அங்குள்ள கம்பெனி எழுதி வைத்து, இங்குள்ள கம்பெனிக்கு அனுப்பி, அது உங்கள் கணக்கில் ஏற நாளாகும். ஆகஸ்ட்டில் பழனிக்குப் போய்வந்த செலவு அக்டோபர் பில்லில் தலைகாட்டலாம். நடுவில் பிளானை மாற்றியிருந்தால், "புதுப் பிளான்தான் இப்படிப் பிடுங்குது" என்று தோன்றும். தேதியைப் பார்த்தால் பழனி தெரியும்.

ரோமிங்குக்கு நாள் பாஸ் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒரு நாள் என்றால் 24 மணி நேரமா, மலேசிய நேரப்படி நள்ளிரவு வரைக்குமா? இரண்டு வகையும் உண்டு. இரண்டாவது வகையானால், நமக்கு இங்கே இரவு 12 ஆகும்போது சென்னையில் 9.30தான். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வீடியோ கால் போட உட்காரும் நேரம். அப்போது இரண்டாம் நாள் பாஸ் தொடங்கிவிடும். ஜோகூர் பாருவில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. கடற்கரை ஓரமாக நின்றால் கைப்பேசி சிங்கப்பூர்க் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் லாரி ஓட்டுநர்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பது, டேட்டா ரோமிங் எப்போதும் மூடியே இருக்கட்டும், தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம் என்பது. கம்பெனி மாறும்போது இதை மறுபடி பார்க்க வேண்டும். பழைய கம்பெனியில் கேட்டு வைத்திருந்த ரோமிங் தடையும் செலவு வரம்பும் எண்ணோடு கூடவே வருவதில்லை.

மாதாமாதம் 4 ரிங்கிட், 5 ரிங்கிட் என்று பெயர் தெரியாத கட்டணம் ஏதாவது வந்தால், அது பெரும்பாலும் ராசிபலனோ, பாட்டோ, விளையாட்டோ, எங்கோ விரல் பட்டுச் சந்தா ஆன விவகாரம். 3இல் தொடங்கும் ஐந்திலக்க எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கும். செய்தியின் தொடக்கத்தில் 'ஆர்எம்0' என்று இருந்தால் காசு இல்லை, வேறு தொகை இருந்தால் காசு. அந்த எண்ணுக்கே 'ஸ்டாப் ஆல்' என்று பதில் போட்டு நிறுத்தலாம். சின்னத் தொகை என்று விடாதீர்கள். 5 ரிங்கிட் என்பது வருஷத்துக்கு 60. ஒரு மாதப் பிளான்.

'இலவச ஃபோன்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளி நேரத்தில் நடந்தால், சேலைக் கடைக்கும் பலகாரக் கடைக்கும் நடுவே மேசை போட்டு, பூஜ்யம் ரிங்கிட் என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். கணக்கு எளிது. ஃபோனோடு வரும் பிளான் மாதம் 99, அதே அளவு டேட்டா தரும் வெறும் சிம் பிளான் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 39. ஒப்பந்தம் 24 மாதம். 39ஐ 24ஆல் பெருக்கினால் 936. அந்த ஃபோன் கடையில் 936க்கு மேல் விற்றால் உங்களுக்கு இலாபம், குறைவாக விற்றால் கம்பெனிக்கு இலாபம். அந்த மேசைக்கு முன்னால் நின்று இந்தப் பெருக்கலைப் போடுகிறவர்கள் குறைவு. எனக்கு அப்படிப் போட்டுப் பழகி, என் மகள் என்னோடு கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஒப்பந்தத்தில் இருப்பவர் பிளான் மாற்றும்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும். கீழே இறங்கினால் அபராதம் உண்டா? மேலே ஏறினால் ஒப்பந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? ஃபோன் வாங்கியபோது முன்பணம் கட்டி, அதை மாதம் இவ்வளவு என்று பில்லில் கழித்துக்கொண்டு வந்தால், பிளான் மாறிய பிறகும் அந்தக் கழிவு தொடர்கிறதா என்று இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளான் மாறும் இடத்தில் இந்த வரிதான் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதை மட்டும் நான் தவறு என்று சொல்வேன், எழுதியும் கேட்பேன்.

எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி இங்கே 2008இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் எண்ணைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம். 012 என்றால் மேக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கோம். இப்போது 012 எண் வைத்திருப்பவர் எந்தக் கம்பெனியிலும் இருக்கலாம். செல்கோமும் டிஜியும் 2022 கடைசியில் ஒன்றாகவே ஆகிவிட்டன.

மேக்சிஸ் என்றதும் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அதை நிறுவிய ஆனந்த கிருஷ்ணன் 1938இல் பிறந்தது பிரிக்பீல்ட்சில். படித்தது அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில். 2024 நவம்பரில் காலமானார். 2006இல் அவருடைய மேக்சிஸ், தமிழ்நாட்டில் வேரூன்றிய ஏர்செல்லில் பெரும்பங்கை வாங்கியது. அந்த ஏர்செல் 2018இல் நொடித்துப்போய்ச் சேவை நின்றபோது, தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போக வேண்டியதாயிற்று. கம்பெனி மாறும் வசதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் இல்லை. அங்கே பெரும்பாலோர் பிரீபெய்ட் என்பதால் நம் மாதிரி துண்டு நாள் கணக்கு இல்லை. ஆனால் அங்கே 'மாதம்' என்று விற்றது பல காலம் 28 நாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ். தேதியைப் பார்க்காதவரிடம் எங்கேயும் ஒரு மாதம் கூடுதலாக வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

இங்கே கம்பெனி மாறுவதற்குப் பழைய கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை. புதிய கம்பெனியிடம் விண்ணப்பித்தால் போதும், அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஒப்புதல் கேட்டு ஒரு குறுஞ்செய்தி வரும். நீங்கள் எங்கும் விண்ணப்பிக்காமல் அப்படி ஒன்று வந்தால் பதில் போடாதீர்கள், உடனே உங்கள் கம்பெனியைக் கூப்பிடுங்கள். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பெயர். லைன் மகன் பெயரில் இருக்கும், பயன்படுத்துவது அம்மா. அம்மாவின் அடையாள அட்டையை (ஐசி) கொண்டுபோய் நீட்டினால் நடக்காது. குடும்பத்துக்கு ஒரு தலைமை லைனும் அதன்கீழ் துணை லைன்களும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அப்பா தன் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் துணை லைன்கள் தானாகக் கூட வராது. ஒவ்வொன்றையும் பட்டியலில் சேர்த்தோமா என்று அன்றைக்கே கேட்டு முடித்துவிடுங்கள்.

பழைய கம்பெனியின் கடைசி பில் ஒன்று வரும். எண் போய்விட்டது, இனி அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. அதில் பாக்கி இருந்தால் வசூல் கடிதம் வரும், கழிவு இருந்தால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். தானியங்கி முறையில் வங்கி அட்டையிலிருந்து கழிக்கச் சொல்லியிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும், கடைசி பில் கட்டிய பிறகு.

காகித பில் இப்போது அருகிவிட்டது. கேட்டால் தருவார்கள், சில இடங்களில் அதற்கும் ஒரு கட்டணம். வயதானவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் பிரிக்பீல்ட்சில் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பக்கம், உடம்புபிடி நிலையம் நடத்தும் ஓர் அண்ணன் என்னிடம் வேறு மாதிரி சொன்னார். காகிதம் இருந்தபோது யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்ல வேண்டும். இப்போது கைப்பேசியே அவருக்குப் படித்துக் காட்டுகிறது. அவர் அதை ஓடவிடும் வேகத்துக்கு எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. "தேதி தப்பா வந்தா எனக்குக் காதுல குத்தும் தங்கச்சி" என்றார். என்னைவிடக் கெட்டிக்காரர்.

தேதி பார்த்து, கூட்டிக் கழித்து, அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் புகார் செய்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கம்பெனியிடம்தான். தொலைபேசியில் பேசினாலும் ஒரு புகார் எண் கேட்டு வாங்கி, பேசிய தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், 2001இல் தொடங்கப்பட்ட தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம் இருக்கிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளமும் இருக்கிறது. இரண்டுக்கும் இணையத்திலேயே எழுதலாம். புகாரில் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரைக்கான கட்டணம் இரண்டு பில்லிலும் வந்திருக்கிறது" என்று எழுதி, இரண்டையும் இணையுங்கள். எங்கள் கம்பெனிக்காக நான் எழுதிய இப்படிப்பட்ட கடிதங்களுக்கு வாக்குவாதமே இல்லாமல் பணம் திரும்பி வந்திருக்கிறது. கோபமாக எழுதியவற்றுக்கு மன்னிப்புக் கடிதம் வந்தது. பணம் வரவில்லை.

பழைய லைன்களின் டெப்போசிட், கழிவுப் பாக்கி என்று யாரும் கேட்காமல் கிடக்கும் பணம் கம்பெனியோடேயே தங்கிவிடுவதில்லை. 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டத்தின்படி அது நாட்டின் தலைமைக் கணக்காளர் துறைக்குப் போக வேண்டும். 'ஈகுமிஸ்' என்ற அவர்களுடைய தளத்தில் ஐசி எண்ணைப் போட்டுத் தேடலாம், இறந்தவர்களின் பெயரில் இருப்பதை வாரிசுகள் கோரலாம். என் வீட்டுக்காரரின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 150 ரிங்கிட் காட்டியது. எப்போதோ வைத்திருந்த ஒரு லைனின் டெப்போசிட். ஃபாரம் நிரப்பி வாங்கிவிட்டோம். அப்படி ஒரு லைன் தனக்கு இருந்ததே இல்லை என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.